குட்டைத் தக்காளிக்கு ஒரு சிபாரிசு

மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். தக்காளியைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். மலர்க்குழு நண்பர்கள் சிரித்துவிட்டார்கள். "ஏன்டா, மெக்கானிக்கல் படிச்சுட்டுத் தக்காளியா? ரோபோ பத்தி எழுதுடா" என்றான் ஒருவன். ரோபோவைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள் நண்பர்களே! எங்கள் வீட்டுத் தக்காளியைப் பற்றி எழுத நான் ஒருவன்தான் இருக்கிறேன்.

எங்கள் வீடு கொடைக்கானலில் வில்பட்டிப் பக்கம். அம்மா கேரட் காட்டுக்கும் உருளைக்கிழங்குக் காட்டுக்கும் கூலிக்குப் போகிறவர். ஊருக்கெல்லாம் காய் எடுத்து மூட்டை கட்டுகிற கை, தக்காளிக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் காசு எண்ணிக் கொடுக்க வேண்டும். ஒட்டன்சத்திரம் பக்கம் சமவெளியில் விளைந்து லாரியில் மலையேறி வருகிற தக்காளி அது. விலை விழுந்தால் கீழே விவசாயி ரோட்டில் கொட்டுகிறார். விலை ஏறினால் மேலே எங்கம்மா ரசத்துக்குப் புளியை மட்டும் கரைக்கிறார். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியதே, அந்த மாதம் எங்கள் வீட்டில் தக்காளியே இல்லை.

வீட்டிலேயே வளர்க்கலாமே என்பீர்கள். அம்மா வளர்க்காமலா இருந்தார்? சந்தைத் தக்காளியின் விதையைத்தான் கொல்லையில் போட்டார். தோள் உயரம் வளர்ந்தது. கம்பு நட்டுக் கட்டினோம். பூவும் பூத்தது. காய்தான் பிடிக்கவில்லை! இரவில் குளிர் சுமார் 13 டிகிரிக்குக் கீழே போனால் தக்காளிப் பூவில் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, பூ உதிர்ந்துவிடும். எங்கள் ஊரில் சித்திரை, வைகாசியிலேயே ராத்திரி கம்பளி வேண்டும். தப்பிப் பிடித்த நாலு காயும் பழுப்பதற்குள் மழையும் மஞ்சும் வந்து, இலை கருகி, செடியே போய்விட்டது. நோய்க்குப் பெயர் பின்பருவக் கருகல் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். உருளைக்கிழங்கையும் தாக்குகிற அதே நோய்தான்.

அப்புறம்தான் சீனியர் அண்ணன் ஒருவர் கோவையிலிருந்து கோ 3 விதை கொண்டுவந்து கொடுத்தார். மருதம் என்றும் அதற்குப் பெயர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ 1 ரகத்தில் மரபு மாற்றத்தைத் தூண்டி உண்டாக்கிய குட்டை ரகம். சமவெளியில் 100, 105 நாளில் அதன் கதை முடிந்துவிடும். நுனியில் பூங்கொத்து வந்ததும் வளர்ச்சியைத் தானே நிறுத்திக்கொள்ளும் சாதி. இந்தக் குணம் 1914-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் தானாகத் தோன்றிய ஒரு செடியில்தான் முதலில் கவனிக்கப்பட்டது. (மெக்கானிக்கல்காரர்கள் கவனிக்க! காய்கள் ஒன்றுபோலப் பழுக்கிற இந்தக் குட்டைச் செடிகளை நம்பித்தான் தக்காளி அறுவடை இயந்திரமே வந்தது.)

மாசியில் விதை போட்டு, மூன்று எண்ணெய் டின்னில் நட்டோம். "ஏப்பா, இது வளரவே வளராதா? சவலைப் பிள்ளை மாதிரி நிக்குது" என்றார் அம்மா. ஆனால் அந்தச் சவலைதான் ஜெயித்தது. பகலில் வெயில் படுகிற சுவரோரம், ராத்திரி தூக்கி அடுப்படிக்குள். தோள் உயரச் செடியை இப்படித் தூக்க முடியுமா? மழை பெய்தால் கூரைக்கு அடியில் நகர்த்தலாம், இலையில் ஈரம் நிற்காது. ஆனி பிறந்ததும் முதல் பழம். மூன்று டின்னிலும் சேர்த்து நாலரைக் கிலோ! அதுவும் நான் லீவில் போய், புத்தகத்தில் படித்தபடி பக்கக் கிளையெல்லாம் கிள்ளிப்போட்ட பிறகு. உயரமாக ஏறுகிற ரகத்துக்குச் சொன்ன யோசனை அது. குட்டை ரகத்தில் பக்கக் கிளையில்தானே காய்! "படிச்சவன் கை வச்சா இப்படித்தான்" என்று அம்மா ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் கோபம் விதைக் கடைமேல். பொட்டலத்தில் முளைப்புத் திறன், இனத் தூய்மை, காலாவதி நாள் எல்லாம் அச்சடித்திருக்கிறது. செடி எவ்வளவு உயரம், எத்தனை நாளில் பழுக்கும், விதை எடுத்து மறுபடி போடலாமா என்பது நான் வாங்கிய எதிலும் இல்லை. கேட்டால், "நல்லாக் காய்க்கும் தம்பி, கொண்டு போ" என்பார்கள். அது பெரும்பாலும் ஒட்டுவீரிய ரகம். அதன் விதையைப் போட்டால் தாய் மாதிரி வராது. கோ 3, பி.கே.எம். 1 போன்றவை அப்படியில்லை. பி.கே.எம். 1 நம் மலையடிவாரத்துப் பெரியகுளத்தில், அன்னஞ்சி என்கிற உள்ளூர்த் தக்காளியிலிருந்து வந்தது. அதுவும் குட்டைதான், நாள் மட்டும் கூட, 135. தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் வீட்டிலேயே விதை எடுக்கலாம். ஒருமுறை வாங்கினால் போதும், அம்மாவுக்கு அடுத்த வருடம் கடைக்குப் போகிற வேலையில்லை.

கொடைக்கானலிலேயே தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஏக்கர் கணக்கில் போடுகிறவர்களுக்குச் சொல்லும் யோசனையோடு, மூன்று டின் வைத்திருக்கிற வீட்டுக்கும் பத்து விதைப் பொட்டலம் கொடுத்தால் என்ன? மலைக்கு எந்தக் குட்டை ரகம் தாங்கும் என்று எங்கள் அடுப்படிகளே சோதித்துச் சொல்லிவிடும்!

நன்றாகப் பழுத்த பழத்தைப் பிழிந்து, சாற்றோடு இரண்டு நாள் புளிக்க வைத்து, அலசி, நிழலில் காயப்போட்டு அம்மா விதை எடுத்து அனுப்பியிருக்கிறார். என் பெட்டியில் நியூஸ் பேப்பரில் மடித்து வைத்திருக்கிறேன். வேண்டுகிற நண்பர்கள் ராத்திரி மெஸ் முடிந்ததும் கேளுங்கள். ஆளுக்குப் பத்துதான்.