அம்மாவுக்குச் செக்குபந்தி

"ஐயா, பத்திர வாடை அடிக்குதே" என்றார் மலர்க்குழுவில் இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார். 30 வருஷமாகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறவன் எழுத்தில் வேறென்ன வாடை அடிக்கும், மல்லிகையா?

"உங்க பாணியிலேயே எழுதுங்க" என்று கேட்டு வாங்கியதும் அவர்தான். ஊர்ப் பள்ளி ஆண்டு மலருக்கு, அம்மாவைப் பற்றி இரண்டு பக்கம். அன்பு, பாசம் என்று ஆரம்பித்து நாலு தாளைக் கிழித்துப் போட்டேன். பத்திரத்தில் யாரும் 'அழகிய வீடு' என்று எழுதுவதில்லை. வீட்டைச் சுற்றி என்ன இருக்கிறது என்றுதான் எழுதுவோம், அதுதான் செக்குபந்தி. இன்னார் மனைக்குத் தெற்கு, பொதுப்பாதைக்கு மேற்கு. கிழமேல் 30 அடி, தென்வடல் 40 அடி, ஆக 1,200 சதுர அடி. ஊர் தெரியாதவனும் அதைக் கையில் வைத்துக்கொண்டு இடத்தில் போய் நின்றுவிடலாம். அம்மாவையும் அப்படியே எழுதினேன்: "கிணற்றுக்கு மேற்கு, தொழுவத்துக்குக் கிழக்கு, அடுப்படிக்குத் தெற்கு, துவைகல்லுக்கு வடக்கு. இந்நான்கெல்லைக்குள் 40 வருஷம் இருந்தாள். அவள் சொந்த அனுபோகத்தில் ஒரு டிரங்குப் பெட்டி."

அச்சில் வந்தது: "தியாகத்தின் திருவுருவம் என் தாய்." கீழே என் பெயர்!

'மேற்படி', 'ஷை' என்று நிரப்பியிருந்தால் அவர் அடித்தது நியாயம். அதையெல்லாம் நானே எடுத்துவிட்டேன். 'புத்திர பௌத்திர பாரம்பரியமாக' என்பதை எடுக்கத்தான் கை வரவில்லை, அதையும் எடுத்தேன். இதே வாத்தியார் பக்கத்து வீட்டுக்காரரை 'வில்லங்கமான ஆளு' என்கிறார், கடனைத் திருப்பாத மச்சினனை 'வாய்தா வாங்குறான்' என்கிறார். ஒன்று பத்திரத்தில் இருந்து போனது, இன்னொன்று கோர்ட்டில் இருந்து. அவர் வாயில் மட்டும் வாடை அடிக்காதாக்கும்.

பத்திரத்தில் ஒரு எழுத்தை அடித்துத் திருத்தினாலும் எழுதிக் கொடுப்பவர் பக்கத்திலேயே கையெழுத்துப் போடவேண்டும். இங்கே எழுதிக் கொடுத்தவன் நான், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மலரைத் தங்கச்சிக்குக் காட்டினேன். புரட்டிவிட்டு, "நல்லாருக்குண்ணே" என்று மேசையில் வைத்துவிட்டாள். மனசு கேட்காமல் என் கைப்பிரதியைக் கொடுத்தேன். படித்துக்கொண்டே வந்தவள் நிமிர்ந்தாள்.

"தெற்கெல்லை தப்புண்ணே. துவைகல்லு கிணத்தடியிலல்ல கிடந்துச்சு? தெக்கால கோழிக்கூடு."