நகாட்டாவோட தலைமுடியை விடுங்கப்பா!

ஹிடெடோஷி நகாட்டா 2006-லேயே ஓய்வு பெற்றாச்சு. இணையத்தில் இன்னும் மவுசு குறையலை. சந்தோஷம்தான். ஆனா எதுக்காக? சாயம் பூசின முடி, கோட்டு சூட்டு, அப்புறம் "29 வயசிலேயே உதறிட்டார், நீயும் வேலையை உதறு" என்கிற உபதேசம். கடுப்பா இருக்கு மக்களே.

உதறினாராம்! 1995-ல் பெல்மாரே ஹிராட்சுகாவில் தொடங்கி 11 வருஷம் ஓடின கால் அது. 1998-ல் பெருஜாவுக்கான முதல் லீக் ஆட்டத்திலேயே யுவென்டஸுக்கு எதிரா 2 கோல். 2001 மே மாசம் அதே யுவென்டஸ் 2-0 என முன்னிலை. ரோமாவின் டோட்டிக்குப் பதிலா இறங்கி, தூரத்திலிருந்து ஒரே அடி, கோல்! அடுத்த அடியை கோல்கீப்பர் தட்டிவிட, மாண்டெல்லா முடிச்சார். 2-2. அந்த சீசன் ரோமாதான் சாம்பியன். மூணு உலகக் கோப்பை, நாட்டுக்காக 77 ஆட்டம். இத்தனையும் முடிச்சிட்டுத்தான் மனுஷன் கிளம்பினார்.

பத்திரிகைகளை நம்பாம, தனக்குன்னு தளம் வச்சு எழுதினவர் அவர். ஓய்வையும் அங்கேதான் அறிவிச்சார். சொந்தமா எழுதற நமக்கு அதோட அருமை தெரியணும். அப்படிப்பட்டவரை ஒத்தை வரிப் பொன்மொழியா சுருக்கறது நியாயமா?

படத்தைப் பகிருங்க, வேணாங்கலை. அந்த 2001 ஆட்டத்தையும் ஒருதரம் பாருங்க. அப்புறம் பேசுவோம்.