காசில்லாமல் கிடைக்கும் உலாவி



கணினியோடு வந்த உலாவியையே கட்டிக்கொண்டு, 'நெட் ரொம்ப ஸ்லோ' என்று புலம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பயர்பாக்ஸ் உலாவியைப் போட்டுப் பாருங்கள். 2004 நவம்பரில் அதன் முதல் முழுப் பதிப்பு வந்தது. மொசில்லா என்ற லாப நோக்கற்ற அறக்கட்டளையைச் சேர்ந்தது. மெனுக்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம்.

அதன் ருசியே, கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் நீட்சிகளில்தான். 'யூபிளாக் ஆரிஜின்' என்ற இலவச நீட்சியைச் சேர்த்தால், செய்தித் தளங்களில் ஈயாய் மொய்க்கும் விளம்பரங்கள் பெரும்பாலும் காணாமல் போகும். அவற்றை இறக்கும் முன்பே தடுத்துவிடுவதால் பக்கமும் சட்டென்று திறக்கும், டேட்டாவும் மிச்சம். ஆண்ட்ராய்டு போனில் உள்ள பயர்பாக்ஸிலும் இது வேலை செய்யும். அதே போனில் இருக்கும் குரோமில் இந்த வசதி இல்லை. (விளம்பரத்தை நம்பி நடக்கும் சிறு தளங்களுக்கு மட்டும் நான் தடுப்பை எடுத்து வைத்திருக்கிறேன். அவர்களும் பிழைக்க வேண்டுமே!)

கண்பார்வை மங்கிய பெரியவர்களுக்கு பயர்பாக்ஸின் 'ரீடர் வியூ' ஒரு வரம். விண்டோஸ் கணினியில் எஃப்9 விசையை அழுத்தினால் கட்டுரை மட்டும் நிற்கும், எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

கடிதம் தட்டச்சு செய்ய லிப்ரே ஆபிஸ், படம் பார்க்க விஎல்சி. இவையும் இலவசமே. எதையும் அதை உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் முந்திக்கொண்டு வரும் 'ஃப்ரீ டவுன்லோடு' பொத்தான்கள் பக்கம் போகவே வேண்டாம்.

– ஒரு வாசகி, கும்பகோணம்