நிற்கும் வண்டியும் தேயும்

வண்டி ஓடினால்தான் தேயும் என்று நம்மில் பலரும் எண்ணுகிறோம். வெள்ளிக்கிழமை கோயிலுக்கும், எப்போதாவது மருத்துவரிடமும் செல்லும் நம் வீட்டுக் கார், மற்ற நேரமெல்லாம் நின்றுகொண்டேதான் இருக்கிறது. ஆகவே, அதை நிறுத்தும் இடமும் முறையும் அதன் ஆயுளுக்கு மிக முக்கியம்.

முதலில் இடம். நாள்தோறும் வெயிலில் நின்றால் வண்ணம் மங்கும், ரப்பர் வெடிக்கும். நிழலே நல்லது. எனினும் பறவைகள் அடையும் மரத்தடி வேண்டாம். எச்சம் வண்ணப் பூச்சை அரித்துவிடும். விழுந்தால் நீர் விட்டு ஊறவைத்து, மெல்லிய துணியால் எடுக்க வேண்டும், சுரண்டலாகாது. தென்னை மரத்தடியும் ஆகாது. காய்ந்த புல், சருகு, வைக்கோல் ஆகியவற்றின் மீது ஒருபோதும் நிறுத்தலாகாது. ஓடி வந்த காரின் அடியிலுள்ள புகைக்குழாய் மிகுந்த சூடாக இருக்கும், தீப்பற்றிக்கொள்ள இடமுண்டு.

அடுத்தது முறை. ஒருமுறை மலைக்கோயில் அடிவாரத்தில், மேடு நோக்கிய தெருவில் காரை நிறுத்தினேன். தரிசன அவசரத்தில் கைப்பிரேக்கை அரைகுறையாக இழுத்துவிட்டு இறங்கினேன். என் மனைவி பின்கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் ஊன்றிய வேளையில், வண்டி மெல்லப் பின்னோக்கி நகர்ந்தது. பூக்கடைக்காரர் ஒருவர் ஓடி வந்து சக்கரத்தடியில் கல்லை வைத்தார். அன்று காப்பாற்றியது அவர்தான். என் ஓட்டும் திறமை அன்று.

சரிவில் நிறுத்தும்போது, கால் பிரேக்கை மிதித்தபடியே கைப்பிரேக்கை முழுமையாக இழுக்க வேண்டும். மேடு நோக்கி நின்றால் முதல் கியரிலும், பள்ளம் நோக்கி நின்றால் ரிவர்ஸ் கியரிலும் விட வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியானால், கைப்பிரேக் தாங்கிய பின்னரே 'பி' நிலைக்கு மாற்ற வேண்டும். இல்லையேல் வண்டியின் பாரம் முழுவதும் கியர் பெட்டியினுள் உள்ள சிறு கொக்கியின் மீது விழுந்து, அது தேயும்.

ஊருக்குச் சென்று பல நாட்கள் தங்குவதானால், முறை மாறும். சமதளத்தில் கியரில் விட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கைப்பிரேக்கைத் தளர்த்திவிடலாம். மழைக்காலத்தில் பிரேக் ஒட்டிக்கொள்ளாது. ஈரமான காரை உறையிட்டு மூடலாகாது, துரு ஏறும். பிரசாதப் பொட்டலத்தை உள்ளே மறந்து விடலாகாது. வாசனைக்கு வரும் எலி வயர்களையும் கடித்துவிடும். கடலோரத் தலங்களுக்குச் சென்று திரும்பினால், உப்புப் படிவு நீங்க அடிப்பகுதியையும் நல்ல நீரால் கழுவுவது நலம்.

இவை யாவும் பணம் செலவழிக்கும் காரியங்கள் அல்ல. சற்று நிதானம் இருந்தால் போதும். வண்டி அசையாமல் நின்றதென்று உறுதியான பிறகே கதவு திறக்கட்டும். நடை திறந்திருக்கும் நேரத்திற்குள் நாம் மெதுவாகவே சென்று சேரலாம்.