பனிக்கால விருந்தினர்

கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கத் தொடங்கியதும், கொடுமுடியைச் சுற்றியுள்ள வயல்களிலும் காவிரிக் கரையிலும் புதிய முகங்கள் தென்படுகின்றன. மின்கம்பியில் வரிசையாக அமர்ந்திருக்கும் தகைவிலான்கள், வரப்பில் வாலை ஆட்டியவாறு ஓடும் மஞ்சள் வாலாட்டிகள், சோளக் காட்டின்மேல் மேகம்போல் சுழன்று இறங்கும் சூறைக்குருவிகள் ஆகிய இவை யாவும் நம் ஊரில் பிறந்தவை அல்ல. இமயத்தின் சாரல்களிலிருந்தும், அதற்கும் அப்பாலுள்ள நடு ஆசிய நாடுகளிலிருந்தும், பனிக்கும் பசிக்கும் தப்பி நம்மை நாடி வந்த விருந்தினர். பங்குனி வெயில் ஏறும்போது விடைபெற்றுச் சென்றுவிடுவர்.

இவ்விருந்தினரைக் காணத் தொலைதூரப் பயணம் வேண்டியதில்லை. பவானியில் தொடங்கி நம் கொடுமுடிக்கு அருகில் ஆவுடையார்பாறையில் முடிவடையும் காலிங்கராயன் வாய்க்கால், 13ஆம் நூற்றாண்டில் உழவுக்கென வெட்டப்பட்டது. இன்று அதன் கரையே சிறந்த பறவைக் கூடம். நீரோரத்தில் பின்னுடலைத் தூக்கித் தூக்கி ஆட்டியபடி இரை தேடும் உள்ளானை அங்குக் காணலாம். காவிரிப் படித்துறையில் நின்றால், பறந்தபடியே பூச்சிகளைப் பிடித்து மீண்டும் அதே கம்பிக்குத் திரும்பும் பஞ்சுருட்டானைக் காணலாம். வீட்டுக் கொல்லையில் சருகுகளைப் புரட்டும் பல வண்ணப் பறவை ஒன்று, காலையும் மாலையும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் குரல் கொடுக்கிறதா? அதுவே நம் முன்னோர் 'ஆறுமணிக்குருவி' என்று பெயரிட்டழைத்த பறவை. மழைக்காலத்தில் நடு இந்தியாவிலும் இமயத்தின் அடிவாரத்திலும் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தை நம்மோடு கழிக்க வருகிறது.

சற்றுத் தூரம் செல்ல வசதியுள்ளோர், அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகளை வெள்ளோட்டிற்கு அழைத்துச் செல்லலாம். ஈரோட்டிலிருந்து சென்னிமலை செல்லும் சாலையில் உள்ள அவ்வூர் ஏரி, சுமார் 77 ஹெக்டேர் பரப்புடையது. 1996இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. அங்கு இருவகைப் பறவைகளைப் பிரித்தறியப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் இரை தேடி மட்டும் வருபவை. இங்குக் கூடு கட்டுவதில்லை. கூழைக்கடாவும் பாம்புத்தாராவும் போன்றவையோ, வடகிழக்குப் பருவமழையால் ஏரி நிறையும் காலத்தையே தம் குடும்பக் காலமாகக் கொண்டவை. ஒரே ஏரி சிலருக்கு உணவு விடுதி. சிலருக்குப் பிள்ளைப்பேற்று அறை.

இந்நாளில் பறவைகளைக் காணச் செல்வோர் பலர் புகைப்படக் கருவியோடு செல்கின்றனர். கைப்பேசியே கருவியாகிவிட்ட காலம் இது. இதை நாம் குறை கூறவில்லை. தமிழ் நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன் (1912-1996), பல பாகங்களைத் தாமே இணைத்து அமைத்துக்கொண்ட கருவியால், கறுப்பு வெள்ளையிலேயே, நம் நாட்டு விலங்குகளையும் பறவைகளையும் படம்பிடித்தார். 1950 முதல் தம் இறுதி நாள்வரை கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதினார். விலையுயர்ந்த கருவியைவிடப் பொறுமையே பெரிது என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

ஆனால் பொறுமை இல்லாதவிடத்தில் கருவி கேடு செய்கிறது. நாம் அறிந்த இளைஞர் ஒருவர், கூட்டிலிருந்த குஞ்சுகளின் படத்தைப் பெருமையுடன் காட்டினார். படம் தெளிவாகவே இருந்தது. கூட்டை மறைத்திருந்த கிளைகளை ஒதுக்கிக் கட்டிவிட்டுத்தான் எடுத்தாராம். "பின்பு அக்குஞ்சுகள் என்னவாயின?" என்று கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை, மறுநாள் அவர் அங்குச் செல்லவே இல்லை. மறைப்பு நீங்கிய கூட்டிற்கு வெயிலும் பகை, காக்கையும் பகை. அவருடைய நெஞ்சில் தீய எண்ணம் எதுவும் இல்லை. எண்ணிப் பார்க்காமை ஒன்றே அவர் குறை.

ஆகவே சில நெறிகளை நம் குடும்பங்கள் கைக்கொள்வது நலம். கூட்டை நெருங்க வேண்டாம். ஓய்ந்திருக்கும் பறவைக் கூட்டத்தைப் பறக்கவிட்டுப் படமெடுக்க வேண்டாம். திரும்பும் பயணத்திற்காக அவை உடலில் சேர்க்கும் கொழுப்பை வீணாகச் செலவழிக்கச் செய்வது அது. கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கச் செய்து அழைக்கவும் வேண்டாம். தன் இடத்தைப் பறிக்க மற்றொன்று வந்துவிட்டதென்று எண்ணி, அப்பறவை இரை தேடுவதை விட்டுவிட்டுப் பதறித் திரியும்.

நல்ல படத்திற்கு வேறு வழிகள் உண்டு. கதிரவன் எழுந்த முதல் இரண்டு மணி நேரத்தில், வெயில் நம் முதுகில் படுமாறு அமர்ந்திருங்கள். நின்றுகொண்டு எடுப்பதைவிடத் தரையில் அமர்ந்து, பறவையின் கண் மட்டத்தில் எடுப்பது சிறப்பு. கொக்கின் வெண்மை ஒளியில் கரைந்துவிடாதிருக்க ஒளியளவைச் சற்றுக் குறையுங்கள். பஞ்சுருட்டான் திரும்பி வரும் கிளையை அறிந்து காத்திருந்தால், அதைத் துரத்த வேண்டிய தேவையே எழாது.

படத்தோடு ஒரு குறிப்பேடும் இருக்கட்டும். நாள், நேரம், இடம், பறவையின் பெயர், எண்ணிக்கை ஆகிய ஐந்தும் போதும். 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் கணக்கெடுப்பு நடத்தி வருகின்றனர். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் கண்டவற்றை எண்ணி இணையத்தில் பதிந்தால் அதுவும் கணக்கில் சேரும். இத்தகைய எளிய மக்களின் குறிப்புகள் கோடிக்கணக்கில் திரண்டே, 2023இல் 'இந்தியப் பறவைகளின் நிலை' என்னும் அறிக்கையாயின. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 விழுக்காடு குறைந்து வந்துள்ளன என்று அது கூறுகிறது. எண்ணி வைத்தவர்கள் இருந்ததால்தான் இவ்விழப்பு தெரியவந்தது. எண்ணாத ஊரில் ஒரு பறவை மறைந்தாலும் அறிவார் எவர்?

வெள்ளோட்டைச் சுற்றியுள்ள சிற்றூர்களின் மக்கள், ஏரியில் கூடு கட்டியுள்ள பறவைகள் அஞ்சுமென்று, பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டியிலும் இவ்வழக்கம் உண்டு. குழந்தைகள் மத்தாப்போடு மனநிறைவு கொள்கின்றனர். தன் பிள்ளை வெடி கேட்டு அழும்போது, "ஏரியில் குஞ்சுகள் இருக்கின்றன, கண்ணு" என்று சொல்லித் தேற்றும் தாய்க்கு எந்தச் சட்டமும் அதைக் கற்றுத்தரவில்லை. விருந்தோம்பலில் பெயர்பெற்றது நம் கொங்கு நாடு. வந்தவரின் பசியையும் அச்சத்தையும் அறிந்து நடப்பதன்றோ விருந்தோம்பல்!

வரும் பொங்கல் நாட்களில் ஒரு காலை, குடும்பத்தோடு வாய்க்கால் கரைக்குச் செல்லுங்கள். 15 நிமிடம் பேசாது அமர்ந்து எண்ணுங்கள். பிள்ளைகளே பட்டியல் எழுதட்டும். அடுத்த ஆண்டும் அதே இடத்தில் அமர்ந்து அப்பட்டியலை ஒப்பிட்டுப் பாருங்கள். வந்தவர் எவர், வாராதவர் எவர் என்று கேட்கும் பிள்ளை, தன் ஊரை அறியத் தொடங்கிவிட்டது என்று பொருள்.