ஆர் அது?

சென்ற கிழமை எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில், மதிய இடைவேளையின்போது, சுவையானதொரு விவாதம் மூண்டது. ஒவ்வொருவரும் தமக்கு மிகவும் பிடித்த திரைப்படம் எதுவென்று சொல்லவேண்டும் என்பது நிபந்தனை. கணித ஆசிரியர் ஒன்றைச் சொன்னார். சங்கீத ஆசிரியை வேறொன்றைச் சொன்னார். என் முறை வந்தபோது, நான் தயங்காமல் "காதலிக்க நேரமில்லை" என்றேன். "எந்தப் படமாளிகையிற் பார்த்தீர்கள்?" என்று ஒருவர் வினவினார். "பார்க்கவில்லை, கேட்டேன்" என்று விடையிறுத்தேன். அறை முழுவதும் சிரிப்பொலி எழுந்தது. நான் விகடம் பேசுவதாக அவர்கள் எண்ணிக்கொண்டார்கள். நான் சொன்னதோ சத்தியம். அதனை இங்கே விளக்குதல் என் கடமையாகின்றது.

ஸ்ரீதர் இயக்கிய அப்படம் வெளிவந்தது 1964ஆம் ஆண்டில். நான் பிறந்ததோ அதற்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து. 1990ஆம் ஆண்டிற் போர் மீண்டும் மூண்டபோது, யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோயிற்று. அப்பொழுது எனக்கு வயது பத்து, அக்காவுக்குப் பதின்மூன்று, தம்பிக்கு ஆறு. மண்ணெண்ணெய் பொன்னைப்போல் அரிதாயிற்று. ஜாம் போத்தலுக்குள்ளே சிறிது பஞ்சு, அது நனையுமளவுக்கு எண்ணெய், மேலே ஒரு திரி: இதுவே எங்கள் விளக்கு. வானொலியிற் செய்தி கேட்கவேண்டுமாயின், துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சில்லைக் கையாற் சுழற்றி, டைனமோவின் துணையை நாடுவோம். பாடம் படித்து முடிந்ததும் அம்மா விளக்கை ஊதி அணைத்துவிடுவார். அதன்பின் நித்திரை வருமட்டும் உள்ள பொழுதை எங்ஙனம் போக்குவது? அங்கேதான் எங்கள் அக்கா தமது படமாளிகையைத் திறந்தார்.

முற்றத்திலே ஓலைப்பாய் விரிக்கப்படும். போர் மூளுமுன் அயல்வீட்டுத் தொலைக்காட்சியிற் கண்ட படங்களை அக்கா காட்சி காட்சியாக எடுத்துரைப்பார். அவர் சொல்லும் படத்துக்கு இடைவேளையும் உண்டு. அவ்வேளையில் தம்பி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கவேண்டும். அதுவே நுழைவுக் கட்டணம்.

ஓரிரவு, 1961ஆம் ஆண்டில் வெளிவந்த "பாசமலர்" காட்டப்பட்டது. கண்ணொளி இழந்த அண்ணனும் அவன் தங்கையும் ஒருவர் கையை ஒருவர் பற்றியபடி உயிர்துறக்கும் முடிவைச் சொல்லுகையில் அக்காவின் குரல் தழுதழுத்தது. தூணிற் சாய்ந்திருந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தம்பி மாத்திரம், "ரெண்டு பேரும் செத்தால் குழந்தையை ஆர் பாக்கிறது?" என்று கேட்டான். எவரிடமும் அதற்கு விடை இருக்கவில்லை.

மற்றோரிரவு "காதலிக்க நேரமில்லை". படம் எடுக்கப்போவதாகச் சொல்லித் திரியும் மகன் செல்லப்பாவாக நாகேஷ். அவனுடைய தந்தையாக டி. எஸ். பாலையா. மகன் தன் பேய்க்கதையைச் சொல்லச் சொல்ல, அதற்குரிய ஒலிகளையும் தானே எழுப்ப, தந்தை அஞ்சி ஒடுங்கும் அக்காட்சியை அறியாதார் யார்? அக்காவுக்கோ அப்பேய்க்கதையிற் பாதிதான் நினைவிலிருந்தது. மீதியை எங்கள் வளவிலிருந்தே எடுத்துக்கொண்டார். கிணற்றடியும், அதற்கப்பால் நின்ற புளியமரமும் திரைக்கதையிற் புகுந்தன. விளைவு யாதெனின், வளவின் கோடியில் இருந்த மலசலகூடத்துக்குத் தம்பி இரவிலே தனித்துப் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கலானான். டோர்ச்சுக்குரிய மின்கலங்களும் அக்காலத்திற் கிடையா. ஆகவே போத்தல் விளக்கை அவன் கையிற் கொடுத்துவிட்டு, அப்பா வெளியே இருளிற் காவல் நிற்கவேண்டியதாயிற்று.

எங்கள் அப்பாவைப்பற்றி ஒரு வார்த்தை. அவர் தபாற்கந்தோர் உத்தியோகத்தர். வாய்ச்சொல்லையும் தந்தியிற்போல் எண்ணியே செலவிடுவார். அவர் சிரித்து நாங்கள் கண்டதில்லை.

அன்றிரவு தம்பி உள்ளிருந்து, "அப்பா, நிக்கிறியளோ?" என்றான்.

"நிக்கிறன்."

அரை நிமிடம் கழிந்தது. "அப்பா, நிக்கிறியளோ?"

"நிக்கிறன்."

மீண்டும் சிறிது நேரம் சென்றது. காய்ந்த புளியஞ்சருகு ஏதோ சரசரத்தது. "ஆர் அது? அப்பாவோ?" என்று தம்பி அலறினான்.

"இல்லையடா. பாலையா" என்றது இருளிலிருந்து அப்பாவின் குரல்.

ஒரு கணம் வளவு முழுவதும் மௌனம். பின்பு உள்ளேயிருந்து தம்பி சிரித்தான். முற்றத்தில் அக்காவும் நானும் சிரித்தோம். அடுக்களையில் அம்மா சிரித்த ஒலி கேட்டது. அப்பா மாத்திரம் ஒன்றும் நடவாதவரைப்போல் வந்து படுத்துக்கொண்டார். அன்றுதொட்டு எங்கள் வீட்டில் எவர் கதவைத் தட்டினாலும், "ஆர் அது?" என்ற வினாவுக்கு, "பாலையா" என்பதே விடையாயிற்று.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் வீடுவாசலைத் துறந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, நாங்களும் அந்த வெள்ளத்தில் ஐந்து துளிகளானோம். இருளிலும் சனநெருக்கத்திலும் தம்பியின் கை அக்காவின் கையிலிருந்து நழுவிற்று. "தம்பி" என்று கூப்பிட்டால் நூறு தம்பிமார் திரும்பிப் பார்ப்பார்கள். அக்கா "பாலையா! பாலையா!" என்று கூவினார். தெருவின் மறுகரையிலிருந்து, "இஞ்சை நிக்கிறன்" என்று ஒரு குரல் வந்தது. அந்த விகடத்தின் பெறுமதியை நான் அறிந்தது அப்பொழுதுதான்.

பல்கலைக்கழகத்திற் பயின்ற காலத்திலேதான் அப்படத்தை முதன்முதலாகக் கண்ணாற் கண்டேன். புளியமரமும் இல்லை, கிணறும் இல்லை. ஸ்ரீதர் நல்ல காட்சிகள் சிலவற்றை விட்டுவிட்டார் என்றே எனக்குத் தோன்றியது.

நிற்க. சகோதர வாஞ்சை திரையிற் காண்பதுபோல் எந்நாளும் மலராக இருப்பதில்லை என்பதையும் நான் மறைத்தல் தகாது. பெற்றோர் வாழ்ந்த வீடு எங்கள் வழமைப்படி அக்காவுக்குச் சீதனமாயிற்று. போரிற் சிதைந்த அதன் கூரையையும் சுவரையும் திருத்துவதற்குப் பணம் அனுப்பியவன், இலண்டனிலே தொழில் செய்யும் தம்பி. அப்பாவுக்குப் பின், 2015ஆம் ஆண்டில் அம்மாவும் காலமானார். கிணற்றடிக்கு அப்பாலுள்ள இரண்டு பரப்புக் காணியைத் தனக்கு எழுதித் தரும்படி தம்பி கேட்டான். என்றோ ஒருநாள் திரும்பிவந்து குடியிருக்க அவனுக்கும் ஓரிடம் வேண்டாமா? அது தமது மகளுக்கு உரியது என்றார் அக்கா. அவருக்கும் ஒரு பெண்ணைக் கரைசேர்க்கும் பொறுப்பு உண்டல்லவா? "நான் போட்ட காசிலை நிக்கிற வீடு" என்று அவன் தொலைபேசியிற் சொல்லிவிட்டான். "கணக்கை அனுப்பு, வட்டியோடை தாறன்" என்று அவர் சொல்லிவிட்டார். வட்டி என்ற சொல் இருவரையும் சுட்டது. மூன்று ஆண்டுகள் ஒருவரோடொருவர் பேசவில்லை.

நடுவிற் பிறந்தவன் நான், தொழிலால் ஆசிரியன். எனவே உபதேசத்தில் இறங்கினேன். பரதன் பாதுகையைத் தலைமேற் சுமந்த வரலாற்றை இருவருக்கும் எடுத்துரைத்தேன். "பரதனுக்குக் கட்டிக்கொடுக்க ஒரு மகள் இருந்ததோ?" என்றார் அக்கா. "பரதனுக்கு இலண்டனிலை வீட்டுக்கடன் இருந்ததோ?" என்றான் தம்பி. எத்தனை ஆயிரம் மைல் இடைவெளியிலும் இருவரும் ஒரே பாணியில் விடையளித்ததை எண்ணி நான் சிரித்திருக்கவேண்டும். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2018ஆம் ஆண்டு, அம்மாவின் மூன்றாம் ஆண்டுத் திவசத்துக்கு முதல்நாள் இரவு. அக்காவும் நானும் மறுநாட் சமையலுக்கு மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தோம். படலை திறக்கும் ஓசை கேட்டது. "ஆர் அது?" என்றார் அக்கா.

விடை வரச் சிறிது நேரம் சென்றது.

"பாலையா."

அக்காவின் கையிலிருந்த கத்தி அப்படியே நின்றது. முதலிற் சிரித்தார், பிறகு புறங்கையாற் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுந்துபோய்ப் படலையடியில் நின்றவனைப் பார்த்து அவர் சொன்னது இவ்வளவுதான்: "கோடியிலை இப்ப லைற் இருக்கு. பயப்பிடாமல் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வா."

அத்துடன் காணிப் பிணக்குத் தீர்ந்துவிட்டது என்று நான் எழுதினால் அது சினிமாவாகிவிடும். அடுத்த கிழமை மூவரும் ஒரே முச்சக்கரவண்டியில் நொத்தாரிசிடம் போனோம். தம்பி கேட்டது இரண்டு பரப்பு, எழுதப்பட்டது ஒன்று. இருவருக்கும் பூரண திருப்தியில்லை. ஆயினும் போனது ஒரே வண்டியில். திரும்பியதும் அதே வண்டியில். புளியமரம் எவருடைய பங்கில் வருகின்றது என்று வழிநெடுக வாதாடிக்கொண்டே வந்தார்கள். பேயோடு சேர்த்து அதனைத் தம்பியே எடுத்துக்கொள்ளட்டும் என்று அக்கா தீர்ப்பளித்தார்.

சகோதரரின் அன்பை அளக்கக் கண்ணீரையே கருவியாகக் கொள்ளுதல் நம்மவர் வழக்கம். மரணப்படுக்கையிற் கைகோத்து அழுவது பெரிதுதான். ஆனால் அது காலங்கடந்த பின் வருவது. நாளாந்த வாழ்விற் சகோதரரைப் பிணைத்து வைப்பது, வெளியாருக்கு விளங்காத ஒரு சிறு சிரிப்பே என்பது என் துணிபு. வீட்டைப் பங்கிடலாம், கிணற்றைக்கூடப் பங்கிடலாம். அப்பா இருளில் நின்று சொன்ன ஒரு சொல்லை எந்த நொத்தாரிசாலும் பங்கிடமுடியாது. அது மூவருக்கும் முழுமையாகவே சொந்தம்.

நேற்று மாலை நான் வீட்டுக் கதவைத் தட்டினேன். "ஆர் அது?" என்று என் பிள்ளைகள் இருவரும் உள்ளிருந்து ஒரே குரலிற் கேட்டார்கள். நான் வழக்கமான விடையைச் சொன்னேன். அவர்கள் பாலையாவைக் கண்டதுமில்லை, அப்பாவைக் கண்டதுமில்லை. ஆயினும் சிரித்துக்கொண்டே வந்து கதவைத் திறந்தார்கள்.