இரும்புக்கை மாயாவியை எழுதியது யார்? சிவகாசி தமிழ் பேசவைத்த ஹீரோவும், பெயர் தெரியாத நாவலாசிரியரும்

‘இரும்புக்கை மாயாவி’ படம் எப்போ வரும்? லோகேஷ் கனகராஜ் ரசிகர்கள் சோஷியல் மீடியாவில் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. ‘மாநகரம்’ (2017) முடிந்த பிறகு சூர்யாவை வைத்து இப்படியொரு படம் எடுக்க நினைத்ததை லோகேஷே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். படம் நடக்கவில்லை, பேச்சு மட்டும் ஓயவில்லை. 2025-ல் ஆமிர் கான், லோகேஷுடன் ஒரு சூப்பர் ஹீரோ படம் பண்ணப்போவதாகச் சொன்னதும், “அப்போ அது மாயாவிதானா?” என்று பேச்சு மறுபடியும் கிளம்பியது.

யார் நடிப்பது, யார் தயாரிப்பது என்றெல்லாம் கேட்கிறோம். மாயாவியை முதலில் எழுதியது யார் என்று கேட்பவர்கள் குறைவு. வீட்டில் ஐம்பதைத் தாண்டிய சித்தப்பாவோ மாமாவோ இருந்தால் கேட்டுப் பாருங்கள். “முத்து காமிக்ஸ்” என்பார்கள். “சிவகாசியில இருந்து வரும்” என்பார்கள். இரண்டும் சரிதான். ஆனால் அது அச்சிட்டவர்களின் முகவரி. எழுதியவர் லண்டன்காரர். பெயர் கென்னத் புல்மர். முழுநேர அறிவியல் புனைகதை நாவலாசிரியர். வேறு வேறு பெயர்களில் 160-க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர்.

மாயாவி எங்கிருந்து வந்தார்?

1962 அக்டோபரில் பிரிட்டனில் ‘வேலியன்ட்’ என்ற சிறுவர் வார இதழ் தொடங்கியது. அதன் முதல் இதழிலேயே ‘தி ஸ்டீல் க்ளா’ தொடரும் ஆரம்பமானது. லூயிஸ் கிராண்டேல் ஓர் ஆய்வக உதவியாளர். பேராசிரியர் பாரிங்கரிடம் வேலை. ஒரு விபத்தில் வலது கை போய், அந்த இடத்தில் இரும்புக் கை பொருத்தப்படுகிறது. பிறகு இன்னொரு விபத்தில் உடம்பில் மின்சாரம் பாய, ஆளே மறைந்துபோகிறார். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரிகிறது. அதற்குப் பிறகு மறைய வேண்டும் என்றால் மின்சாரம் பாய்ந்தால் போதும். (இதை யாரும் வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.)

கண்ணுக்குத் தெரியாத மனிதன் என்பது புது ஐடியா இல்லை. எச்.ஜி.வெல்ஸ் 1897-லேயே எழுதிவிட்டார். புல்மர் சேர்த்தது அந்தக் கையைத்தான். முழுசாக மறைந்துவிட்டால் படக்கதையில் வரைய என்ன இருக்கிறது? கை மட்டும் தெரிந்தால் ஒவ்வொரு கட்டத்திலும் வாசகன் கண்ணுக்கு ஒரு பிடிமானம் கிடைக்கிறது. அதை வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. ஆழமான நிழல், நிஜ முகங்கள், நிஜத் தெருக்கள் என்று வரைந்தவர். சிறுவர் இதழுக்கு இவ்வளவு உழைப்பு தேவையா என்று தோன்றும் அளவுக்கான ஓவியங்கள் அவை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கிராண்டேல் ஆரம்பத்தில் நல்லவர் இல்லை. மறையும் சக்தி கிடைத்ததும் குற்றத்தில்தான் இறங்குகிறார். பிறகே திருந்தி, ‘நிழற்படை’ என்று தமிழில் நாம் படித்த ரகசிய அமைப்பின் ஏஜென்ட் ஆகிறார். ஆரம்பக் கதைகளுக்குப் பிறகு தொடரை எழுதியவர் டாம் டல்லி. ஆக, அந்த அடித்தளம் புல்மருடையது, நமக்கு அதிகம் பழக்கமான ஏஜென்ட் மாயாவி பெருமளவு டல்லி வளர்த்தவர்.

யார் இந்த புல்மர்?

1921 ஜனவரி 14-ல் லண்டனில் பிறந்தவர். எழுத்தாளர் ஆவதற்கு முன்பே வெறித்தனமான அறிவியல் புனைகதை ரசிகர். ரசிகர்களே நடத்தும் சிறு பத்திரிகைகளில் இயங்கியவர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்தின் சிக்னல்ஸ் பிரிவில் இருந்தார். 1952-ல் முதல் நாவல்கள் வந்தன, கொஞ்ச நாளில் எழுத்தே முழுநேர வேலையானது. 1955-ல் அமெரிக்காவில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு, ரசிகர்கள் நிதி திரட்டி ஒரு பிரதிநிதியை அனுப்பினார்கள். போனவர் புல்மர்.

முழுநேர எழுத்து என்றால் என்ன அர்த்தம்? பக்கக் கணக்கில் சம்பளம். இன்றைய ஃப்ரீலான்ஸ் கன்டென்ட் ரைட்டர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. விண்வெளி, கடற்போர், சரித்திரம் என்று எது விற்குமோ அதை, எந்தப் பெயரில் விற்குமோ அந்தப் பெயரில் எழுதினார். கடற்படைக் கதைகளுக்கு ‘ஆடம் ஹார்டி’, அவருடைய மிகப் பெரிய தொடரான ‘ட்ரே பிரெஸ்காட்’ கதைகளுக்கு ‘ஆலன் பர்ட் ஏகர்ஸ்’. அந்தத் தொடர் 1972-ல் தொடங்கியது. சிவகாசியில் முத்து காமிக்ஸின் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’ வந்ததும் அதே 1972-ல்தான்.

ட்ரே பிரெஸ்காட் கதையில் இன்னொரு வேடிக்கை உண்டு. 1988-ல் 37-வது புத்தகத்தோடு ஆங்கிலப் பதிப்பு நின்றுபோனது. ஜெர்மன் வாசகர்கள் விடவில்லை. அடுத்த பாகங்களை அவர் தொடர்ந்து எழுத, அவை முதலில் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் வெளிவந்தன. சொந்த மொழியில் மார்க்கெட் போன எழுத்தாளரை வேறு மொழிக்காரர்கள் தாங்கிப் பிடித்தார்கள். தமிழ்நாட்டிலும் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது, ஒரு வித்தியாசம் மட்டும்: ஜெர்மானியர்களுக்குத் தாங்கள் யாரைப் படிக்கிறோம் என்று, புனைபெயராவது, தெரிந்திருந்தது.

1997-ல் வந்த பக்கவாதத்தோடு எழுத்து நின்றது. 2005 டிசம்பர் 16-ல் புல்மர் காலமானார்.

சரி, சிவகாசிக்கு எப்படி?

இதற்குத் தீப்பெட்டியில் இருந்து தொடங்க வேண்டும். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். வானம் பார்த்த கரிசல் பூமி. விவசாயம் கைகொடுக்காத ஊரில், மழை குறைவு என்பதே தீப்பெட்டிக்கும் பின்னால் வந்த பட்டாசுக்கும் சாதகமானது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்கு இன்னும் கலர்ஃபுல்லான லேபிள் வேண்டும். லேபிளுக்காக வந்த அச்சு இயந்திரங்கள் பிறகு காலண்டர், டைரி, நோட்டு, வாழ்த்து அட்டை என்று எல்லாவற்றையும் அடித்துத் தள்ளின. விருதுநகர் மாவட்டம் உருவானது 1985-ல்தான். அதற்கு முன்பே, பழைய ராமநாதபுரம் மாவட்டத்தின் ஓர் ஊராக இருக்கும்போதே, சிவகாசி நாடு முழுக்க வண்ணம் அனுப்பிக்கொண்டிருந்தது.

கலரும் படமும் காகிதமும் ஆளும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் ஊரில் ஒருவர் காமிக்ஸ் போட நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. அவர் எம்.சௌந்திரபாண்டியன். முத்து காமிக்ஸின் ஆரம்ப நாட்களில் ஆசிரியராக இருந்தவர் முல்லை தங்கராசன். ‘தி ஸ்டீல் க்ளா’வை அப்படியே ‘எஃகு நகம்’ என்று பெயர்த்திருந்தால் யார் வாங்கியிருப்பார்கள்? ‘மாயாவி’ என்ற சொல்லில் நம்ம ஊர் மந்திரவாதக் கதைகளின் வாசனை இருக்கிறது, ‘இரும்புக்கை’யில் மெஷினின் வாசனை. இரண்டையும் சேர்த்த அந்தத் தலைப்பு மூலத்தைவிட நன்றாகவே இருக்கிறது. 1984-ல் சௌந்திரபாண்டியனின் மகன் எஸ்.விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். ஸ்பைடரும் ‘சட்டித்தலையன்’ ஆர்ச்சியும் அந்த வழியாக வந்தார்கள். தமிழில் அறிவியல் புனைகதை என்றாலே சுஜாதா ஞாபகம் வருவது நியாயம்தான். ஆனால் ‘என் இனிய இயந்திரா’வைப் படிக்கும் வயது வருவதற்கு முன்பே, பல பிள்ளைகளுக்கு அந்த ருசியைக் காட்டியது இந்தப் பாக்கெட் சைஸ் புத்தகங்கள்.

பெயர் ஏன் இல்லை?

தமிழ்ப் பதிப்பைக் குறை சொல்லி என்ன பயன்? மூலத்திலேயே பெயர் இல்லை. அன்றைய பிரிட்டிஷ் வார இதழ்களில் எழுதியவர், வரைந்தவர் பெயர் போடும் வழக்கம் கிடையாது. கதையும் பாத்திரமும் பதிப்பகத்துக்குச் சொந்தம், எழுதியவருக்குப் பக்கக் கூலி. எத்தனை நாட்டில், எத்தனை மொழியில் மறுபதிப்பு வந்தாலும் அவ்வளவுதான். எழுத்தாளர், ஓவியர் பெயரை முறையாக அச்சிடும் பழக்கம் அங்கே ‘2000 ஏடி’ இதழ் 1977-ல் வந்த பிறகுதான் வேரூன்றியது. சிவகாசிக்காரர்களுக்கு இந்த ஏற்பாடு புரியாமல் இருக்காது. பட்டாசுப் பெட்டி மேல் கம்பெனி பெயர் பளபளவென்று இருக்கும், திரி வைத்தவர் பெயர் எங்கே இருக்கிறது?

லயன் வாசகர்களுக்குத் தெரிந்த ஸ்பைடர் கதைகள் பலவற்றை எழுதியவர், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். சூப்பர்மேனை 1938-ல் அவரும் ஓவியர் ஜோ ஷூஸ்டரும் விற்ற விலை 130 டாலர். ஹாலிவுட் படம் வரப்போகிறது என்ற செய்தி வந்தபோது சீகல் பகிரங்கமாகச் சண்டை போட்டார். 1975-ல் இருவருக்கும் ஆண்டுத்தொகையும், கதைகளில் பெயரும் கிடைத்தன. இதில் கவனிக்க வேண்டியது நேரம். படம் வரப்போகிறது என்பதால்தான் பெயர் திரும்ப வந்தது.

இப்போது மாயாவி யாருக்குச் சொந்தம்?

பழைய பதிப்பகம் பல கை மாறியது. 2018-ல் அந்தப் பழைய காமிக்ஸ் சேகரிப்பை ரெபெல்லியன் நிறுவனம் வாங்கியது. ‘ஸ்னைப்பர் எலீட்’ கேம் விளையாடியவர்களுக்குத் தெரிந்திருக்கும், அதே ஆக்ஸ்போர்டு கம்பெனிதான். 2021-ல் அவர்கள் மாயாவியின் ஆரம்பக் கதைகளைத் தொகுத்துப் புத்தகமாக வெளியிட்டார்கள். புல்மர், பிளாஸ்கோ இருவருக்கும் அதில் பெயர் உண்டு. கதை முதலில் வந்து 59 ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்போது இருவருமே உயிரோடு இல்லை.

அப்போ தமிழில் படம் எடுக்க என்ன வேண்டும்? இந்தியச் சட்டப்படி வெறும் ஐடியாவுக்குக் காப்புரிமை கிடையாது. 1978-ல் ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. மறையும் மனிதனை யார் வேண்டுமானாலும் எழுதலாம். வெறும் தலைப்புக்கும் காப்புரிமை இல்லை என்று 2015-ல் ‘தேசி பாய்ஸ்’ பட வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது (டிரேட்மார்க், திரைத்துறைச் சங்கங்களில் தலைப்புப் பதிவு எல்லாம் வேறு கதை). ஆனால் மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து, இரும்புக் கை மட்டும் தெரிகிற ரகசிய ஏஜென்ட்? அது ஐடியாவைத் தாண்டி, ஒருவர் உருவாக்கிய பாத்திரமாகிவிடுகிறது. முறையாகச் செய்தால் திரைப்பட உரிமை வாங்க வேண்டும். தமிழில் அச்சிடும் உரிமை வேறு, படமாக்கும் உரிமை வேறு.

காலாவதியாகும் வரை காத்திருக்கலாமே என்று கேட்கலாம். எழுத்தாளர் இறந்த பிறகும் இந்தியாவில் 60 ஆண்டுகள் காப்புரிமை தொடரும். புல்மரின் எழுத்துக்கு அது 2065 கடைசி வரை. பிரிட்டனில் 70 ஆண்டுகள், அதாவது 2075 வரை.

காசு விஷயம் ரெபெல்லியனோடு முடிந்துவிடும். பெயர் விஷயம் அப்படி முடியாது. நம் காப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பிறகும் “இதை எழுதியது நான்” என்று கோரும் உரிமையைப் படைப்பாளியிடமே விட்டுவைக்கிறது. முன்பு இந்தப் பெயர்க் கோரிக்கையை வாரிசுகள் எழுப்ப முடியாதபடி ஒரு விதிவிலக்கு இருந்தது. 2012 திருத்தம் அந்த விதிவிலக்கை எடுத்துவிட்டது. நாளைக்கே மூலக்கதையை வைத்து ஒரு ‘இரும்புக்கை மாயாவி’ படம் தயாரானால், டைட்டில் கார்டில் ‘காமிக்ஸைத் தழுவியது’ என்று மட்டும் போட்டுக் கடந்துபோக நினைக்கும் தயாரிப்பாளரிடம், புல்மரின் வாரிசுகள் அந்த ஒற்றை வரியைக் கேட்டு வாதாட இங்கே சட்டத்தில் இடம் இருக்கிறது.